துப்பாக்கியில் வெட்டிய எழுத்துக்கு கலர் அடிக்கலாமா? எது அழகு, எது குற்றம்? முழு விவரம்

புது வீடு கட்டினால் வாசலில் கிரானைட் பெயர்ப்பலகை வைப்போம். கல்லில் எழுத்தை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய பள்ளத்துக்குள் தங்க நிறமோ வெள்ளையோ நிரப்பினால்தான் தெருவில் போகிறவர் கண்ணில் படும். இதே வேலையைத் துப்பாக்கியிலும் செய்வது உண்டு. கம்பெனி முத்திரை, மாடல் பெயர், வரிசை எண் ஆகியவை இரும்பில் வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் வெள்ளை, சிவப்பு, தங்க நிறம் என்று பெயிண்ட் நிரப்புவார்கள்.

பார்க்க சின்ன வேலைதான். ஆனால் இந்தியாவில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அந்த எழுத்துகள் வெறும் அலங்காரம் கிடையாது. அதில் ஒரு எழுத்து அழிந்தாலும் கேஸ் வரை போகலாம். கலர் அடிப்பது எப்படி, சட்டம் எங்கே குறுக்கே வருகிறது, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் தியாகதுருகம் கோட்டைக்கும் இதில் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

துப்பாக்கியில் என்னவெல்லாம் எழுதியிருக்கும்?

சட்டப்படி தயாரான எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் அதன் உடம்பிலோ குழலிலோ சில விவரங்கள் இருக்கும். தயாரித்தவர் பெயர், வரிசை எண், குழலின் அளவு ஆகியவை முக்கியமானவை. சோதனையில் தேறியதற்கான முத்திரையும் இருக்கும். நம்ம திருச்சியில் 1966 முதல் இயங்கும் துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் துப்பாக்கிகளுக்கும் இதே கதைதான்.

இன்னொரு வகை எழுத்தும் உண்டு. விசையைப் பூட்டி வைக்கும் சேஃப்டி லீவர் பக்கத்தில் 'எஸ்', 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துகளோ ஒரு சிவப்புப் புள்ளியோ இருக்கும். எஸ் என்றால் பூட்டியிருக்கிறது, எஃப் என்றால் சுடத் தயார். பல துப்பாக்கிகளில் சிவப்பு கண்ணுக்குத் தெரிந்தால் சுடத் தயார் என்று அர்த்தம். அதனால்தான் இந்த இடத்துக்குக் கம்பெனியே கலர் நிரப்பி அனுப்புவது வழக்கம். அந்தக் கலர் தேய்ந்துபோனால், பூட்டியிருக்கிறதா இல்லையா என்று ஒரு பார்வையில் சொல்ல முடியாது. இங்கே கலர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

எழுத்து எவ்வளவு ஆழம் இருக்கும்?

நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் வரிசை எண் குறைந்தது 0.003 அங்குல ஆழமும், எழுத்து 1/16 அங்குல உயரமும் இருக்க வேண்டும் என்பது விதி. மில்லிமீட்டரில் சொன்னால் ஆழம் சுமார் 0.08, உயரம் சுமார் 1.6. கிட்டத்தட்ட ஒரு நோட்டுத் தாளின் தடிமன் அளவுள்ள பள்ளம் அது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய், தூசி, துரு சேர்ந்தால் அந்தப் பள்ளம் அடைத்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டு நாலு இழுப்பு இழுத்தால் எழுத்தே காணாமல் போகும். பிரச்சினை தொடங்கும் இடம் இதுதான்.

கலர் நிரப்புவது எப்படி?

முறை எளிது. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியதும் கருப்பு மை தேய்த்துத் துடைப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்.

முதல் வேலை, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்வது. இதை இரண்டு முறை பார்க்க வேண்டும். பிறகு எழுத்துப் பள்ளத்தில் இருக்கும் எண்ணெயை முழுசாக எடுக்க வேண்டும். எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, ரெண்டே வாரத்தில் செதிலாக உதிரும். இதற்கு மென்மையான பிரஷ்ஷும் ஆல்கஹாலும் போதும்.

அடுத்து எனாமல் பெயிண்ட்டை பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு பள்ளத்துக்குள் விட வேண்டும். மெழுகு சேர்ந்த கலர் குச்சியைத் தேய்த்து நிரப்புவதும் உண்டு. எழுத்தைத் தாண்டி வழிந்தாலும் கவலை இல்லை. பெயிண்ட் லேசாக இறுகியதும், அட்டைத் துண்டில் இறுக்கமாகச் சுற்றிய துணியால் எழுத்துக்குக் குறுக்கே ஒரு தடவை இழுத்தால் மேலே வழிந்தது துணியோடு வந்துவிடும். பள்ளத்தில் இருப்பது தங்கிவிடும். துணி தளர்வாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்கி அங்கிருக்கும் கலரையும் உறிஞ்சிவிடும். அதனால்தான் அட்டை. பிறகு ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும்.

செய்யக் கூடாதது என்ன?

உப்புத்தாள், ஃபைல், கிரைண்டிங் வீல், கம்பி பிரஷ் எதுவும் எழுத்துப் பக்கம் போகக் கூடாது. துரு பிடித்திருந்தாலும் சரி. மங்கிய எண்ணை 'ஆழப்படுத்துகிறேன்' என்று ஊசியால் கீறுவதும் கூடாது. 3 என்ற எண் 8 மாதிரி தெரியவும், 1 என்பது 7 ஆகவும் ஒரு கீறல் போதும்.

சேஃப்டி லீவரில் கலரை மாற்றி அடிப்பதும் ஆபத்து. கம்பெனி சிவப்பு வைத்த இடத்தில் 'வெள்ளை நல்லா இருக்கும்' என்று மாற்றினால், நாளைக்கு அதைக் கையில் எடுக்கும் இன்னொருவர் ஏமாறுவார். அந்தப் பகுதிக்குள் பெயிண்ட் வழிந்து லீவர் இறுகிப்போனாலும் விபரீதம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு இந்த எழுத்துகளைப் பற்றியது. துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ, நீக்கவோ, மாற்றவோ, போலியாகப் பொறிக்கவோ கூடாது. அப்படிப்பட்ட அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்கவும் கூடாது, கைமாற்றவும் கூடாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இந்தப் பிரிவில் இருக்கிறது. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவரேதான் அதை அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 'நான் செய்யல' என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். வழக்கமாகக் குற்றத்தை நிரூபிப்பது போலீஸ் தரப்பின் வேலை. இங்கே சுமை தலைகீழாக மாறுகிறது.

2019-இல் சட்டம் திருத்தப்பட்டபோது இன்னும் கடுமையானது. முறையான அடையாளக் குறி இல்லாத துப்பாக்கிகளைக் கடத்துவது, விற்பது போன்றவை 'சட்டவிரோத ஆயுதக் கடத்தல்' என்ற புதிய குற்றத்துக்குள் வந்தன. தண்டனை 10 ஆண்டு முதல் ஆயுள் வரை. அதே திருத்தத்தில்தான் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3-இலிருந்து 2 ஆகக் குறைந்தது, லைசென்ஸ் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் கூடியது.

அப்போ கலர் அடிப்பதே குற்றமா? இல்லை. பள்ளத்துக்குள் இருக்கும் பெயிண்ட் எண்ணை மாற்றுவதில்லை, இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. துடைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அந்தச் சாக்கில் இரும்பைத் தொட்டால் கதை வேறு. பெயிண்ட்டைப் பூசி எண்ணை மூடினாலும், படிக்க முடியாமல் செய்தாலும் கேள்வி வரும்.

பெயிண்டர்கிட்ட கொடுத்துச் செய்யலாமா?

கூடாது. பலரும் சறுக்கும் இடம் இது. ஆயுதச் சட்டத்தில் 'கைமாற்றம்' என்ற சொல்லுக்கு விற்பது மட்டும் அர்த்தம் இல்லை. இரவல் கொடுப்பது, தன் வசத்திலிருந்து இன்னொருவர் வசத்துக்கு விடுவது எல்லாமே அதற்குள் அடங்கும். துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். ஊரில் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடமோ லேத் பட்டறையிலோ 'ரெண்டு நாள் வெச்சு செஞ்சு கொடுங்க' என்று விட்டுவிட்டு வந்தால், கொடுத்தவருக்கும் சிக்கல், வாங்கியவருக்கும் சிக்கல். உரிமையாளர் தானே செய்யலாம். இல்லையென்றால் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் ரசீதோடு கொடுக்க வேண்டும்.

எண் தெளிவாக இருந்தால் என்ன பயன்?

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் உள்ள எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும் இதே சரிபார்ப்புதான். பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி, வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் ராணுவ வீரர் என்று யாராக இருந்தாலும் அந்த எண்தான் அவருக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் உள்ள ஒரே பிணைப்பு. திருட்டுப் போனால் தேடிக் கண்டுபிடிக்கவும் அந்த எண்தான் வேண்டும்.

எண் தானாகவே மங்கிவிட்டால் சும்மா இருந்துவிடக் கூடாது. லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடம் எழுத்து மூலம் சொல்லிவிடுவது பாதுகாப்பு. மாவட்டங்களில் அந்த அதிகாரி பெரும்பாலும் கலெக்டர்தான்.

கல்வராயன்மலையில் என்ன நிலை?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. கல்வராயன்மலைப் பகுதியில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுவது அடிக்கடி வரும் செய்தி. குழல் வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் இடிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கிகள் அவை. தாங்களாகவே ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீசார் கிராமம் கிராமமாகக் கேட்டுக்கொண்டதும் உண்டு.

அந்தத் துப்பாக்கிகளில் கலர் நிரப்ப எழுத்தே இருக்காது. செய்தவர் பெயர் கிடையாது, எண் கிடையாது, சோதனை முத்திரையும் கிடையாது. குழல் தாங்குமா என்று யாரும் சோதித்ததில்லை என்பதால் வெடித்தால் முதலில் காயப்படுவது பிடித்திருப்பவர்தான். யார் சுட்டது, யாருடையது என்ற கேள்விக்கும் பதில் இருக்காது. லைசென்ஸ் துப்பாக்கியில் எண்ணை அழிப்பது என்றால், நல்ல துப்பாக்கியை இந்த நிலைக்குக் கொண்டுபோவது என்றுதான் அர்த்தம்.

அழித்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். அச்சைக் குத்தி எண் பதிக்கும்போது மேலே தெரியும் பள்ளம் மட்டும் உருவாவதில்லை. அதற்குக் கீழே இருக்கும் இரும்பும் நசுங்கி மாறிவிடுகிறது. மேல் பகுதியைத் தேய்த்து எடுத்தாலும் அந்த மாற்றம் உள்ளே இருக்கும். தடய அறிவியல் நிபுணர்கள் ரசாயனம் தடவும்போது நசுங்கிய இரும்பு வேறு மாதிரி அரிக்கப்பட்டு எண் திரும்பத் தெரியும். தேய்த்தால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கு தப்புக் கணக்கு.

தியாகதுருகம் கோட்டையும் திப்புவின் தங்க எழுத்தும்

ஆயுதத்தில் எழுதுவதும் அதற்கு நிறம் கொடுப்பதும் நேற்று வந்த பழக்கம் இல்லை. சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் போகிறவர்களுக்குத் தியாகதுருகம் மலை தெரிந்திருக்கும். அதன் மேலே பழைய கோட்டையும் பீரங்கிகளும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள், ஹைதர் அலி, ஆங்கிலேயர் என்று 18-ஆம் நூற்றாண்டில் பலரும் மோதிக்கொண்ட கோட்டை அது. 1790-இல் திப்பு சுல்தானின் படை வந்தபோது கேப்டன் ஃபிளின்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி கோட்டையைக் கைவிடாமல் காத்தார்.

அந்த இரண்டு தரப்பும் தங்கள் ஆயுதங்களில் அடையாளம் போட்டவர்கள்தான். திப்புவின் உயர்ரகத் துப்பாக்கிகளில் புலி உருவமும் புலிவரியும் இருக்கும். 'சர்க்கார் இ குதாதாத்', அதாவது இறைவன் தந்த அரசு என்ற வாசகமும், செய்த ஊரும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். பலவற்றில் அந்த எழுத்துகளில் தங்கமும் வெள்ளியும் பதித்திருக்கும். இரும்பின் மேல் குறுக்கும் நெடுக்கும் நுண்ணிய கீறல் போட்டு தங்கக் கம்பியை அடித்து இறக்கும் இந்தக் கலைக்கு கோஃப்ட்காரி என்று பெயர். இன்றைய பெயிண்ட் வேலைக்கு இது மூத்த அண்ணன்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் துப்பாக்கிகளில் இதய வடிவ முத்திரைக்குள் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் குத்தியது. பிறகு அந்த இடத்துக்கு நிற்கும் சிங்கம் வந்தது. அன்றைய பிரிட்டிஷ் பீரங்கிகளில் இடையில் கோடு போட்டு மூன்று எண்கள் இருக்கும். பலர் இதை ஆண்டு என்று நினைப்பார்கள். உண்மையில் அது பீரங்கியின் எடை. முதல் எண்ணுக்கு 112 பவுண்டு, இரண்டாவதற்கு 28 பவுண்டு, மூன்றாவது வெறும் பவுண்டு என்று பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கோட்டைகளில் பழைய பீரங்கியைப் பார்த்தால் எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, கல்லால் சுரண்டுவது வேண்டாம். துருவோடு எழுத்தும் உதிர்ந்துவிடும். பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்து செல்போனில் போட்டோ எடுத்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும்.

மறக்கக் கூடாத 5 விஷயங்கள்

1. பள்ளத்துக்குள் கலர் நிரப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரும்பைத் தேய்க்கவோ கீறவோ கூடாது.

2. வேலைக்கு முன்னும் பின்னும் வரிசை எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

3. லைசென்ஸ் இல்லாத யார் கையிலும் துப்பாக்கியை விட்டுவிட்டு வரக் கூடாது.

4. சேஃப்டி லீவரில் கம்பெனி வைத்த நிறத்தை மாற்றக் கூடாது.

5. எண் மங்கினால் மறைக்க வேண்டாம். லைசென்ஸ் அதிகாரியிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.