நுண்கணித வகுப்பில் தனித்துப் படித்தவர்கள்

மாணவரின் இனமோ குடும்ப வருவாயோ அவரது கணிதத் தேர்ச்சியை முன்கூட்டியே முடிவுசெய்துவிடாதிருக்கக் கல்வி நிறுவனங்கள் எவ்வாறு மாற வேண்டும் என்று ஆராய்வதே கணிதக் கல்வியில் சமநீதி எனப்படும் துறை. அமெரிக்காவில் அத்துறையின் போக்கைத் திருப்பியவர்களுள் யூரி டிரைஸ்மன் முதன்மையானவர். நுண்கணித மாணவர்களைப் பற்றிய அவரது ஆய்வு 1970களின் நடுவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கால்குலஸ் எனப்படும் நுண்கணிதம், மாறிக்கொண்டேயிருக்கும் அளவுகளை ஆராயும் பிரிவு. பொறியியலுக்கும் அறிவியலுக்கும் அதுவே வாயில். அந்த ஆய்வுக்கு முந்தைய பத்தாண்டில் பெர்க்லியில் முதற்பருவ நுண்கணிதத்தை முடித்த கறுப்பின மாணவர்களுள் 60 விழுக்காட்டினர், மிகக் குறைந்த டி அல்லது எஃப் தரங்களையே பெற்றிருந்தனர்.

இதற்குக் காரணம் கேட்டபோது, ஊக்கமின்மை, பள்ளியில் பெற்ற பயிற்சியின் குறை, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்ற நான்கையே ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கூறினர். இவை நான்கும் பழியை மாணவர் மீதும் அவர் வீட்டின் மீதும் சுமத்துபவை என்பதும், எவரும் அவற்றைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கன. டிரைஸ்மன் சோதித்தார். கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன வம்சாவளி மாணவர் 20 பேரையும் தேர்ந்து, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று, ஒளிப்பதிவு செய்தும் உடனிருந்தும் சுமார் 18 மாதங்கள் அவர்களைப் பின்தொடர்ந்தார்.

கறுப்பின மாணவர்கள் ஊக்கமற்றவர்களாக இருக்கவில்லை. வாரத்துக்கு 8 மணி நேரம் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொன்னதை அப்படியே ஏற்று, அவர்கள் 8 மணி நேரம் படித்தனர். ஆயினும் ஏறத்தாழ எல்லோரும் தனித்தே படித்தனர். சீன வம்சாவளி மாணவர்களோ வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் படித்ததோடு, மாலையில் கூடி ஒருவர் விடையை மற்றொருவர் திருத்தி, பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்துகொண்டதால், ஒரு கணக்கு வராதபோது அது தம் குறையா, கணக்கின் கடினமா என்பதை உடனே அறிந்தனர். தனித்திருந்தவருக்கு அதைச் சொல்ல ஆளில்லை. நான்கு காரணங்களையும் இந்த ஒரு வேறுபாடே வலுவிழக்கச் செய்தது.

இதன் பயனாக 1978-இல் கணிதப் பயிலரங்கு உருவானது. பின்தங்கியவர்களுக்கான குறைதீர் கற்பித்தலாக அல்லாமல், சிறந்த மாணவர்களுக்கான அழைப்பாகவே அது அமைக்கப்பட்டது. வாரம் இருமுறை, முறைக்கு இரண்டு மணி நேரம், வகுப்பில் தரப்படுவதைவிடக் கடினமான கணக்குகளை மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து விவாதித்தனர். அதில் பங்கேற்ற கறுப்பின மாணவர்களிடையே தோல்வி வெகுவாகக் குறைந்ததை, டிரைஸ்மனும் ராபர்ட் ஃபுல்லிலவும் 1990-இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கட்டுரை காட்டியது.

முனைவர் ஆய்வேட்டை 1985-இல் முடித்த டிரைஸ்மன், பின்னர் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, சார்லஸ் ஏ. டேனா மையத்தை நிறுவினார். 1992-இல் மக்ஆர்தர் நல்கை பெற்றார். இதற்கிடையே அவரது பயிலரங்கு முறை வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. குழுவாக அமர்வதை மட்டும் ஏற்றுக் கடினமான கணக்குகளை நீக்கிவிட்ட வகுப்பு எதுவும், பெர்க்லியில் தொடங்கிய பயிலரங்கின் வழிவந்ததாகாது.