தம் தலைவலியைத் தாமே ஆராய்ந்தவர்

ஒற்றைத் தலைவலி வந்தால் இருட்டறையில் படுத்துவிடுகிறீர்கள் அல்லவா? பெர்லின் உடலியல் அறிஞர் எமில் டுபுவா ரேமோன் அவ்வேளையிலும் தம் உடலை உற்று நோக்கினார். முகம் வெளிறியது, வலித்த பக்கத்தில் கண்பாவை விரிந்தது, நெற்றிப்பொட்டுத் தமனி கயிறுபோல் விறைத்தது.

முயலின் கழுத்திலுள்ள பரிவு நரம்பை வெட்டினால் காது சிவந்து சூடேறும் எனக் கிளாட் பெர்னார் 1851இல் கண்டிருந்தார். வெட்டினால் இரத்தக் குழாய் விரியுமெனில், தூண்டினால் சுருங்கத்தானே வேண்டும்? எனவே பரிவு நரம்பின் மிகைத் தூண்டலே தம் நோய் என்று 1860இல் டுபுவா ரேமோன் எழுதினார். 1867இல் மோலன்டார்ஃப் நேர்மாறாக, அந்நரம்பின் தளர்ச்சியே காரணம் என்றார்.

வலியை மூளைக்குக் கடத்துவது முக்கிளை நரம்பு என்பதை இன்று அறிவோம். இருவர் விடையும் முழுமையல்ல. ஆயினும் வெறும் முனகலாக இருந்ததை ஆராயத்தக்க கேள்வியாக்கியது அந்த நோயாளியின் கூர்ந்த பார்வையே!