மாடிப்படியும் ஒரு முதுமாணிப் படிப்பும்

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த மாணவி ஒருவர் வாப்பாவுடன் வீட்டுக்கு வந்திருந்தார். பிறவியிலேயே கால்கள் வலுவிழந்தவர். சக்கர நாற்காலிதான் அவரது நடை. இன்று கலைப் பட்டதாரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் 'இயலாமைக் கற்கைகள்' என்னும் துறையில் முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க என்னிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டார். அவர் வாப்பாவுக்கோ மனம் ஒப்பவில்லை.

"சேர், புள்ள இந்தக் கஷ்டத்தோடதான் வாழுது. அதையே போய்ப் படிக்கவும் வேணுமா? அதோட, இது டொக்டர்மார் படிக்கிற படிப்பெல்லவா?"

அவர் கேட்டதில் பிழையில்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் இப்பெயரிலேயே ஒரு துறை இருக்கிறது. பேச்சு, செவிப்புலச் சிகிச்சையாளர்கள் அங்கு உருவாகிறார்கள். மிகத் தேவையான பணி. ஆனால் மகள் கேட்டது வேறு. சரித்திரம், இலக்கியம், சட்டம், சமூகவியல், கட்டடக்கலை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, 'ஒரு சமூகம் சில உடல்களை ஏன் வெளியே நிறுத்துகிறது?' என்று விசாரிக்கும் படிப்பு அது. கடிதம் எழுதுவதற்காக அதன் வரலாற்றைத் தேடப் போனவன், நம்முடைய வரலாற்றுக்குள்ளேயே வந்து நின்றேன்.

இத்துறை பல்கலைக்கழக மண்டபங்களில் பிறந்ததல்ல. இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லமொன்றில் வாழ்ந்த போல் ஹன்ட் என்பவர் 1972 இல் 'கார்டியன்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லங்களில் அடைபட்டிருப்போர் தமக்கென்று ஓர் அமைப்பாகத் திரளவேண்டும் என்பதே அதன் சாரம். அதிலிருந்து உருவான சங்கம் 1976 இல் தன் கொள்கை விளக்கத்தை வெளியிட்டது. குறைபாடு வேறு, இயலாமை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. கால் நடக்காதது குறைபாடு. படி மட்டும் வைத்துக் கட்டடம் கட்டுவது சமூகம் உண்டாக்கும் இயலாமை.

அச்சங்கத்தின் முன்னோடிகளுள் விக் ஃபின்கெல்ஸ்டைன் என்பவரும் ஒருவர். தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1968 இல் அகதியாக இங்கிலாந்து வந்த சக்கர நாற்காலிக்காரர். தோலின் நிறத்தைக் காட்டி ஒதுக்குவதும் உடலின் நிலையைக் காட்டி ஒதுக்குவதும் உறவுடையவை என்பதை அவர் பட்டறிந்திருந்தார். 1975 இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் இது தொடர்பான பாடநெறியைத் தொடங்கியபோது அதிலும் அவர் பங்கு இருந்தது. 1983 இல் மைக் ஒலிவர் இச்சிந்தனைக்குச் 'சமூக மாதிரி' என்று பெயரிட்டார். அமெரிக்காவில் சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகம் 1998 இல் இத்துறையில் கலாநிதிப் பட்டநெறியை ஆரம்பித்தது. ஆக, பாதிக்கப்பட்டவர்களே கேள்வி கேட்டு உண்டாக்கிய அறிவு இது. டொக்டர்மார் பார்த்த உடலை, அந்த உடலுக்குரியவரே எழுத வந்த கதை.

இனி நம் பக்கம் வருவோம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவர். பார்வையற்ற அந்த ஸஹாபி விடயத்திலேயே ஸூரா 'அபஸ'வின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. நாம் பெரும்பாலும் அச்சம்பவத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர் பிலால் (ரழி) அவர்களுடன் மஸ்ஜிதுந் நபவியின் முஅத்தினாக இருந்தார். நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சந்தர்ப்பங்களில் அவரைத் தம் பிரதிநிதியாக நியமித்தார்கள். அனுதாபத்துக்குரியவராக ஓரத்தில் அமர்த்தப்படவில்லை, பொறுப்புக் கொடுக்கப்பட்டார்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பஸராவின் அல்-ஜாஹிழ், வெண்குஷ்டமுடையோர், முடவர், பார்வையற்றோர், மாறுகண்ணர் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பெயரே துருத்திய கண்களைக் குறித்து வந்த பட்டப்பெயர்தான். மம்லூக் காலத்தில் வாழ்ந்த அஸ்ஸஃபதீ (இறப்பு 1363) பார்வையற்ற பெருமக்களின் வாழ்க்கை வரலாற்று அகராதியொன்றைத் தொகுத்தார். அதன் முகப்பில் மொழியாராய்ச்சியும் உண்டு, பார்வையற்றோர் தொடர்பான சட்டப் பிரச்சினைகளும் உண்டு. இன்று 'பல்துறை ஆய்வு' என்கிறோமே, அதற்கு இது அந்நியமா?

1914 இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற தாஹா ஹுஸைன் சிறுபராயத்திலேயே பார்வை இழந்தவர். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் பார்வையற்ற இன்னொருவரைத்தான், கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரியை. 1950 இல் அவர் நாட்டின் கல்வி அமைச்சரானார். "அதையே போய்ப் படிக்கவும் வேணுமா?" என்ற கேள்விக்கு இதைவிட வேறென்ன பதில் சொல்ல!

ஆனால் 'நாங்கள் அன்றே செய்துவிட்டோம்' என்று மார்தட்டுவதற்காக இதை எழுதவில்லை. பார்வையற்றவர் காழியாகலாமா என்பதில் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் 'கூடாது' என்றே கூறினர். கவிதையில் மாறுகண்ணும் மொட்டைத் தலையும் வசைக்குப் பொருளாயின. மதிப்பும் ஒதுக்கலும் கலந்த வரலாறு அது. கலப்பாக இருப்பதால்தான் அதற்கு ஆய்வாளர் தேவை.

நம் நாட்டில் இரத்மலானையிலுள்ள செவிப்புல, விழிப்புல வலுவிழந்தோருக்கான பாடசாலை 1912 இல் தொடங்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி செய்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளியாகின. ஐ.நா. சமவாயத்தை 2016 இல் இலங்கை உறுதிப்படுத்தியது. காகிதத்தில் குறைவில்லை.

அந்த ஒழுங்குவிதிகள் வந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் இந்த மகள் உயர்தரத்துக்கு வந்தார். கலைப்பிரிவு வகுப்பு மேல் மாடியில். சாய்வுப்பாதை கிடையாது. காலையில் நான்கு தோழிகள் நாற்காலியோடு அவரைத் தூக்கிச் செல்வார்கள், பகலில் இறக்குவார்கள். இடைவேளையில் கீழே வரமுடியாது என்பதால் தண்ணீர் குடிக்காமலே இருப்பார். நாங்கள் அத்தோழிகளுக்குப் பரிசளிப்பு விழாவில் 'சமூக சேவைக்கான' கேடயம் கொடுத்தோம். மேடையில் அவர்களைப் புகழ்ந்து பேசியவன் நான். வகுப்பைக் கீழே மாற்றினால் போதும் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. கீழே இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் உடைந்த மேசைகளைப் போட்டு வைத்திருந்தோம்.

கடிதத்தில் இதையும் எழுதினேன். மாணவியின் விடாமுயற்சியை மட்டும் எழுதியிருந்தால் அது அந்தக் கேடயத்தைப் போன்றதொரு பொய்யாகியிருக்கும். வாசித்துவிட்டு அவர் சொன்னார், "சேர், நான் ஆராயப் போறதும் இதத்தான். எங்கட பள்ளிவாசல், மத்ரஸா, ஸ்கூல் கட்டடங்கள். ஆர் உள்ள வரலாம் எண்டு நினச்சுக் கட்டினாங்க எண்டு பார்க்கணும்."

வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கட பள்ளியில பொம்புளயளுக்குத் தொழுற இடமும் மாடியிலதான் சேர். இவ ஒரு நாளும் போனதில்ல. நான் அந்தக் கட்டடக் கமிட்டியில இருந்தவன்" என்றார்.

கடிதத்தை அவரே வாங்கி உறைக்குள் வைத்தார்.