சிட்னியில் உருவாகி மெல்பர்னில் பாடம் சொன்ன கணினி

செயற்கை நுண்ணறிவு ஆஸ்திரேலியத் தொழிற்கூடங்களிலும் வகுப்பறைகளிலும் இன்று பெற்றுள்ள இடத்தின் முன்வரலாறு, போர்க்காலத்தில் ரேடார் ஆய்வுக்கென சிட்னிப் பல்கலைக்கழக வளாகத்தில் நிறுவப்பட்ட கதிரலை இயற்பியல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. டிரெவர் பியர்சியும் மாஸ்டன் பியர்டும் அங்கு வடிவமைத்த கணினி, 1949 நவம்பரில் தன் முதல் நிரலை, அதாவது படிப்படியான கட்டளைத் தொகுப்பை, நிறைவேற்றியது. ஏறத்தாழ 2000 வால்வுகளும் 7 டன் எடையும் கொண்டிருந்த அது, பாதரசம் நிரப்பிய குழாய்களில் ஒலித்துடிப்புகளை ஓயாமல் சுற்றவிட்டு, அத்துடிப்புகளின் வடிவில் எண்களை நினைவில் வைத்தது. கணினி முழுமையடையும் முன்பே, 1948இல், தொலைபேசி அல்லது தொலையச்சு இணைப்பின் வழியே தானாக விடையளிக்கும் கலைக்களஞ்சியச் சேவை ஒருநாள் அமையக்கூடும் என்று பியர்சி எழுதியிருந்தார். எண்களைக் கூட்டிப் பெருக்குவதற்கே இத்தகைய கருவிகள் என்று கருதப்பட்ட காலத்தில் அவர் அதைச் சொன்னார் என்பதே அக்கூற்றின் பெருமை.

ஆயினும் வானொலி வானியலிலும் செயற்கை மழை ஆய்வுகளிலும் புகழ்பெற்று வந்த அந்த ஆய்வகம், கணினி வளர்ச்சியைத் தொடர முன்வராமல் அதைக் கைவிட்டது. நாடு கையில் வைத்திருந்த முன்னிலையை இழந்தது இம்முடிவால்தான் என்று கூறுவது மிகையாகாது. 1955இல் கணினி பிரிக்கப்பட்டு மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட, கணிதப் பேராசிரியர் தாமஸ் செர்ரியின் ஆதரவோடு 1956 ஜூனில் அங்கு 'சிஸ்ராக்' என்ற புதுப்பெயருடன் மறுபடி இயங்கத் தொடங்கியது. ஆற்று வெள்ளம், வானிலை, கட்டட வலிமை, கடன் தவணை என ஏறக்குறைய 700 பணிகளுக்கான கணக்கீடுகள் 1964க்குள் அதில் நடந்தேறின. அதைவிட முக்கியமானது, துளையிட்ட காகித நாடாவில் கட்டளைகளை எழுதக் கற்றுக்கொண்ட பொறியாளர்களும் மாணவர்களும் அங்கு உருவானதாகும். ஆங்கிலச் சொற்களை ஒத்த கட்டளைகளால் நிரல் எழுத உதவும் 'இன்டர்புரோகிராம்' மொழியை ஜெஃப் ஹில் 1960இல் அக்கணினிக்காகவே ஆக்கியதால், கணித வல்லுநர் அல்லாதோரும் அதை அணுக முடிந்தது. சிட்னிப் பல்கலைக்கழகமும் நகை வணிகர் அடால்ஃப் பாசரின் நன்கொடையால் 1956இல் 'சிலியாக்' என்ற கணினியை அமைத்துக் கற்பித்தலைத் தொடங்கியது. கைவிடப்பட்ட துறையை அந்நாட்டில் காத்து நின்றவை வகுப்பறைகளே.

பியர்சி எண்ணிய விடைதரும் சேவை செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளாக வந்தபோது, 2023 தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா உள்ளிட்ட மாநிலங்களின் அரசுப் பள்ளிகள் அதைத் தடைசெய்தன. அதே ஆண்டின் இறுதிக்குள் கல்வி அமைச்சர்கள் கற்பித்தல், வெளிப்படைத்தன்மை, நேர்மை, தனியுரிமை முதலியவற்றை வலியுறுத்தும் தேசிய நெறிமுறையொன்றை ஏற்றுக்கொண்டனர். சிஸ்ராக்கில் பயின்றவர் ஒவ்வொரு கட்டளையும் செய்வதை அறிந்தே நாடாவைத் துளையிட்டார். இன்றைய மாணவருக்கோ விடை பிறக்கும் வழி தெரிவதில்லை. அக்குறையை உணர்ந்தே, 2024 முதல் நியூ சவுத் வேல்ஸ் கல்வித்துறை பள்ளிகளில் சோதித்த தன் செயலி, முழு விடையை உடனே தராமல் மாணவரிடம் கேள்விகளைத் திருப்பிக் கேட்குமாறு வடிவமைக்கப்பட்டது.