புகைக்கல்லுக்குக் கீழே

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் பென்னாகரத்தைத் தாண்டி மேற்கே மலைப்பாதையில் இறங்கிவிடுவார்கள். எண்ணெய்க் குளியல், பரிசல், பொரித்த மீன் என்று பகல் போய்விடும். அதே பென்னாகரத்திலிருந்து தெற்கே, ஏரியூர் பக்கம் திரும்புகிறவர்கள் கொஞ்சம்தான். ஆனால் அருவியில் விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போச்சு என்று கேட்டால், பதில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. சாரல் புகையாக எழும் கல் என்பதால் ஒகேனக்கல். அந்தத் தண்ணீர் பாறை இடுக்குகளில் ஓடி, ஏரியூரை அடுத்த நாகமரையை எட்டும்போது ஆறாக இருப்பதில்லை. மேட்டூர் அணையின் தேக்கமாகிவிடுகிறது.

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1924இல் காவிரி ஒப்பந்தம் செய்துகொண்டன. 1925இல் தொடங்கிய அணை வேலை 1934இல் முடிந்தது. ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை அதற்கு வைத்தார்கள். 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. இந்த எண்களைத் தஞ்சாவூர் விவசாயி மனப்பாடமாகச் சொல்வார். அந்த 120 அடிக்குள் மூழ்கிய ஊர்களின் கணக்கு அவ்வளவு பேருக்குத் தெரியாது. கோடையில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால், எதிர்க்கரைப் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தலைகாட்டும். ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். யாரோ ஒருத்தருடைய பாட்டன் வீடு அந்தச் சேற்றுக்கு அடியில் இருக்கிறது. நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவே பரிசலும் படகும்தான் நெடுங்காலம் வழி. இல்லையென்றால் மேட்டூரைச் சுற்றிப் போகணும்.

சரி, நிலம் போச்சு, தண்ணீராவது கிடைத்ததா? அங்கேதான் சிக்கல். காவிரி பள்ளத்தில் ஓடுகிறது, தருமபுரி மேட்டில் இருக்கிறது. அணைத் தண்ணீர் தானாகப் பாய்வது கீழே, டெல்டாவை நோக்கி. மேட்டிலிருக்கும் ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி. அதில் வந்தது ஃபுளோரைடு கலந்த தண்ணீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை விழும். அளவு இன்னும் கூடி, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பும் முடங்கும். பிள்ளைகளின் பல்லைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஊர் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1998இலேயே கர்நாடகத்தோடு உடன்பாடு ஆகியிருந்தது. அடிக்கல் விழுந்தது 2008 பிப்ரவரியில். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்ப, இங்கேயும் பதிலுக்குப் போராட்டம். அங்கே தேர்தல் முடியட்டும் என்று ஏப்ரலில் முதல்வர் கருணாநிதி திட்டத்தைத் தள்ளிவைத்தார். பிறகு ஜப்பானியக் கடனுதவியோடு வேலை நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். ஆற்றுத் தண்ணீர் பம்பு வழியே மேடேறித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்தது.

அணை முடிந்ததற்கும் இந்தக் குழாய் வந்ததற்கும் நடுவே 79 வருஷம். காவிரி வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்லணையில் தொடங்கி நடுவர் மன்றத்தில் முடிக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில், ஆற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த இந்த மேட்டு ஜனங்களும் இருக்கிறார்கள். அடுத்த தடவை ஒகேனக்கல் வந்தால், ஒரு அரை நாள் ஒதுக்கி ஏரியூர் வழியாக நாகமரைக் கரை வரைக்கும் போய்வாருங்கள்.