எது வீண், யாருக்கு வீண்? வேதாரண்யம் கடற்கரை வீடுகளும் மூன்று கட்டுமான முறைகளும்

கட்டடத்தைக் கணினியில் முன்கூட்டியே உருவாக்கும் எண்ணிம மாதிரி, கட்டுபவரும் வரைபவரும் உரிமையாளரும் தொடக்கத்திலேயே சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு ஒப்பந்தம், வீணைக் களையும் ‘லீன்’ முறை ஆகிய மூன்றையும் கட்டுமான நிறுவனங்கள் சேர்த்தே கையாள வேண்டும் என்று துறை அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். லவுரி கொஸ்கெலா 1992இல் ஆலை உற்பத்திச் சிந்தனையைக் கட்டுமானத்துக்குக் கொண்டுவந்தார். க்ளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் ‘கடைசித் திட்டமிடுநர்’ முறையை வகுத்தனர். லீன் கட்டுமானத்துக்கான பன்னாட்டு மாநாடு 2018இல் சென்னையிலேயே நடந்தது. மூன்றும் சேர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்பந்தம் முதலில் மாறாவிட்டால் மற்ற இரண்டும் தவறான கணக்கையே வேகமாகப் போடும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையோரத்தில் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்ததாரர்களை வைத்துக் குடியிருப்புகள் கட்டின. இதை ஆராய்ந்த ஜெனிஃபர் டூய்ன் பேரன்ஸ்டைன், வேலை தொடங்குவதற்காக மனைகள் வெறுந்தரையாக்கப்பட்டதையும், மரங்கள் வெட்டப்பட்டதையும், நன்றாயிருந்த பழைய வீடுகள்கூட இடிக்கப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். ஒப்பந்ததாரர் கண்ணில் அது நல்ல சிக்கனம்: லாரி திரும்ப இடம், நூல் பிடிக்க நேர்க்கோடு, வீடு வீடாக நகரும் ஒரே சென்ட்ரிங் பலகை. குடியிருப்பவருக்கோ வேப்பமர நிழல்தான் பகல்நேர வீடு. அன்று எண்ணிம மாதிரி இருந்திருந்தாலும் அந்த மரம் தடை என்றே அதில் ஏறியிருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் குடியிருக்கப்போகிறவர் இல்லையே.

2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் நிலைமை தலைகீழ். 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய், கட்டுபவர் வீட்டுக்காரரே. மரம் தப்பிவிடுகிறது, ஒருங்கிணைக்கத்தான் ஆளில்லை. தளம் போடும் நாளை எடுத்துக்கொள்வோம். கம்பி கட்டியாயிற்று, கொத்தனார், சித்தாள், மிக்சர் எல்லாம் வந்தாயிற்று, நல்ல தண்ணீர் லாரி மட்டும் வரவில்லை. வேதாரண்யத்தில் உப்பளப் பக்கத்து ஊர்களில் நிலத்தடி நீர் கரிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநெறியான ஐஎஸ் 456. கூலி ஏறிக்கொண்டிருக்கும்போது தரநெறியை யார் புரட்டுவார்? மேஸ்திரி ஒரு வாய் வைத்துப் பார்த்து “பரவாயில்ல, ஊத்துங்க” என்பார். சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும். அடுத்த வார வேலைக்கு என்ன தடை, அதை யார் நீக்குவது என்று பல்லார்டின் முறை முன்கூட்டியே கேட்கும். இங்கே அந்தத் தடை தண்ணீர். தளத்தில் பாத்தி கட்டி 7 நாளாவது நிறுத்த வேண்டிய தண்ணீரும் அதே கணக்கில்தான் வரும்.

பெரிய அரசுப் பணிகளில் கூட்டு ஒப்பந்தம் எளிதில் நுழையாது. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் குறைந்த விலையைத் தேடுகிறது. கட்டப்போகிறவர் வரைபடக் காலத்திலேயே உட்கார அதில் இடமில்லை. ஊழலைத் தடுக்க வந்த விதி என்பதால் அதைக் குறை சொல்லவும் தயக்கம். ஆனால் வீட்டுக்காரரே கட்டும் வீட்டுக்கு அந்தத் தடை கிடையாது. ஒரு தெருவின் வீடுகளை ஒரே உடன்பாட்டில் சேர்த்துத் தண்ணீர் லாரி, சென்ட்ரிங், கொத்தனார் முறை ஆகியவற்றை வாரந்தோறும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

எண்ணிம மாதிரி? 360 சதுர அடிக்கு முப்பரிமாணப் படம் வெறும் பகட்டு. மாதிரி வேண்டியது தெருவின் தரைமட்டத்துக்கு. ஒருவர் அடித்தளத்தை இரண்டடி உயர்த்தினால் ஐப்பசி மழைநீர் பக்கத்து வாசலில் நிற்கும். எந்த வீடு எவ்வளவு உயரலாம், நீர் எந்த வாய்க்காலுக்குப் போகும் என்பதை முதல் கடைக்கால் தோண்டுமுன் தெருவாரும் ஒன்றியப் பொறியாளரும் சேர்ந்து முடிவுசெய்து, அதையே உடன்பாட்டின் முதல் ஷரத்தாக எழுத வேண்டும்.