ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலை: புதுப்பிப்பின் வரலாறு

ஜார்க்கண்டில் சுபர்ணரேகா, கர்க்காய் ஆறுகள் கூடுமிடத்துக்கு அருகே அமைந்துள்ள டாடா எஃகு ஆலை, இந்தியாவில் இன்றும் இயங்கும் மிகப் பழைய ஒருங்கிணைந்த எஃகு ஆலைகளுள் ஒன்று. 1980 முதல் நான்கு கட்டங்களாக, உற்பத்தியை நிறுத்தாமலேயே அதன் பெரும்பகுதி மாற்றியமைக்கப்பட்டது.

தொடக்கமும் தேக்கமும்

1907-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1911 டிசம்பரில் முதல் இரும்பும், 1912 பிப்ரவரியில் முதல் எஃகும் வெளிவந்தன. விடுதலைக்குப் பின், உலக வங்கிக் கடனுதவியுடன் கைசர் என்ற அமெரிக்க நிறுவனம் ஆலையை விரிவாக்கியது. 1958-இல் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னை எட்டியது.

அந்த விரிவாக்கம் திறந்த அடுப்பு உலைகளையே நம்பியிருந்தது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952-இலேயே எல்.டி. முறை தொழிலுக்கு வந்துவிட்டது. உருகிய இரும்பின்மீது தூய ஆக்சிஜனை ஊதும் இம்முறையில், பல மணி நேர வேலை ஏறத்தாழ முக்கால் மணியில் முடியும். ஜாம்ஷெட்பூர் விரிவாக்கம் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அரசின் ரூர்கேலா ஆலை அம்முறையில் எஃகு காய்ச்சத் தொடங்கியது. எஃகு விலை அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1956 தொழிற்கொள்கை புதிய எஃகு ஆலைகளைப் பொதுத்துறைக்கு ஒதுக்கியிருந்தது. இவற்றால் ஜாம்ஷெட்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றம் ஏதும் நிகழவில்லை.

நான்கு கட்டங்கள்

முதல் கட்டம் மிகவும் பின்தங்கியிருந்த எஃகு உருக்கும் பிரிவில் தொடங்கியது. 1983-இல் முதல் எல்.டி. பிரிவும் தொடர்வார்ப்பு இயந்திரமும் இயங்கின. எஃகைக் கட்டிகளாக வார்த்து, மீண்டும் சூடாக்கி உருட்டும் வேலையைத் தொடர்வார்ப்பு குறைத்தது. எரிபொருளும் கழிவும் மிச்சமாயின.

இரண்டாம் கட்டம் மூலப்பொருளைச் சீராக்கியது. இந்தியக் கல்கரி நிலக்கரியில் சாம்பல் மிகுதி. கரித்தூளை இடித்து இறுக்கிப் பாளமாக்கி அடுப்பில் செலுத்தும் முறையால், தரம் குறைந்த கரியிலிருந்தும் உறுதியான கல்கரி கிடைத்தது. வீணான தாதுத்தூள் சின்டர் கட்டியாகி, தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலைக்குள் சென்றது.

மூன்றாம் கட்டத்தில், 1992-இல் 'ஜி' ஊதுலையும், அதையடுத்து இரண்டாம் எல்.டி. பிரிவும் சூட்டுத்தகடு உருட்டாலையும் வந்தன. அதே ஆண்டில் விலைக்கட்டுப்பாடு நீங்கியதால், தகடு வாங்கும் வாகனத் தொழிலை நோக்கி ஆலை திரும்ப முடிந்தது. நான்காம் கட்டத்தின் தொடர்ச்சியாக 2000-இல் குளிர்த்தகடு உருட்டாலை தொடங்கியது. புதிய பிரிவு நிலைபெற்ற பின்பே அதற்கு ஈடான பழைய உலை அணைக்கப்பட்டது. திறந்த அடுப்புகளும் அவ்வாறே விடைபெற்றன.

விளைவுகள்

மாற்றத்தின் சுமை தொழிலாளர் எண்ணிக்கையில் தெரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் 75,000-க்கு மேல் இருந்த நிறுவனப் பணியாளர்கள், விருப்ப ஓய்வுத் திட்டங்களால் 2000-களின் நடுவில் 40,000-க்கும் கீழே குறைந்தனர், உற்பத்தியோ கூடியது.

2008-இல் 'எச்' ஊதுலை வந்தபின், அடுத்தடுத்த விரிவாக்கங்களால் ஆலையின் திறன் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னை நெருங்கியது. ஆலையைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டதால் அங்கு மேலும் விரிவாக்க இடம் குறைவு. ஆகவே நிறுவனத்தின் அடுத்த பெரிய ஆலை ஒடிசாவின் கலிங்காநகரில் எழுந்து, 2016-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது.